குறைந்த சுமை, உயர்ந்த சிகரம்: மலையேறி டில்மனின் கதை



நம் குடியிருப்பில் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த சீசனுக்கு இப்போதே பட்டியல் போடத் தொடங்கியவர்களும் உண்டு. பத்ரி போகும் வழியில் ஜோஷிமட்டில் தங்கி, அங்கிருந்து ஔலிக்குப் போனவர்கள் தூரத்தில் தெரியும் ஒரு பெரிய சிகரத்தை வாகன ஓட்டி கைகாட்டப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நந்தா தேவி. உயரம் 7,816 மீட்டர். அந்தச் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்த இருவரில் ஒருவரைப் பற்றித்தான் இந்த முறை சொல்லப் போகிறேன். பெயர் ஹரால்ட் வில்லியம் டில்மன். நண்பர்களுக்கு பில் டில்மன்.

மலையேறியவர்கள் எத்தனையோ பேர். இவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இவர் திட்டமிட்ட விதம். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வரவு செலவு பார்த்த எனக்கு, இவருடைய கணக்கு மிகவும் பிடித்துப் போனது. பெரிய மலைப்பயணத்துக்கான திட்டம் ஒரு தபால் கவரின் பின்புறத்தில் அடங்கிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் அது தேவையில்லாத பயணம் என்பது இவருடைய கொள்கையாகச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கவர் கணக்கின் பின்னால் இருந்த அறிவையும், அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்தால் வேடிக்கையாகத் தோன்றாது.

போர்முனையும் காப்பித் தோட்டமும்

டில்மன் 1898 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி என்ற ஊரில் பிறந்தார். தந்தை சர்க்கரை வியாபாரி. வசதியான குடும்பம். ஆனால் பதினெட்டு வயது நிறைவதற்குள் முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பிரான்சுக்குப் போய்விட்டார். காயம்பட்டார். வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கத்தை இரண்டு முறை பெற்றார். கூடப் படித்த பலர் திரும்பி வரவில்லை.

போர் முடிந்ததும், முன்னாள் ராணுவத்தினருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்த நிலம் ஒன்று கென்யாவில் அவருக்குக் கிடைத்தது. காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்டார். பத்து வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். அங்கேதான் எரிக் ஷிப்டன் என்ற இளைஞரின் நட்பும் கிடைத்தது. ஷிப்டன் இலங்கையில் பிறந்தவர், டில்மனைவிட ஒன்பது வயது சின்னவர். இருவரும் சேர்ந்து 1930-ல் கென்யா மலையின் கடினமான மேற்கு முகட்டில் ஏறினார்கள். டில்மன் முறையாக மலையேறத் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

1933-ல் ஊர் திரும்ப நினைத்தவர், கப்பல் டிக்கெட் எடுக்காமல் ஒரு சாதாரண சைக்கிளை வாங்கி, ஆப்பிரிக்காவின் குறுக்கே ஏறக்குறைய 3,000 மைல் மிதித்து, மேற்குக் கடற்கரையில் போய்ச் சேர்ந்தார். வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டார். ஒரு மனிதனுக்கு உண்மையில் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதை அவர் கற்றுக்கொண்டது அந்தப் பயணத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

நுழைய முடியாத கோட்டை

இப்போது நந்தா தேவிக்கு வருவோம். அந்த மலை ஏன் அவ்வளவு கடினம்? சிகரத்தைச் சுற்றிக் கோட்டை மதில் போல ஒரு மலைவளையம் இருக்கிறது. சுற்றளவு நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த மதிலைத் தாண்டினால்தான் சிகரத்தின் அடிவாரத்தையே தொட முடியும். மதிலில் மேற்குப் பக்கம் ஒரே ஓர் உடைப்பு. உள்ளேயுள்ள பனியாறுகளின் நீரெல்லாம் ரிஷிகங்கை என்ற நதியாகி அந்த உடைப்பின் வழியே வெளியேறுகிறது. அது ஓடும் பள்ளத்தாக்கில் இருபுறமும் செங்குத்தான பாறை. நடக்கப் பாதையே கிடையாது. அந்த ரிஷிகங்கை தௌலிகங்கையோடு கலக்கும் இடத்தில் உள்ள ரைனி கிராமத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974-ல் பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய சிப்கோ இயக்கத்தின் ஊர் அது.

ஐம்பது வருடமாகப் பலர் முயன்றும் அந்த மதிலுக்குள் யாரும் இறங்கவில்லை. 1934-ல் ஷிப்டனும் டில்மனும் முயன்றார்கள். கூட மூன்று ஷெர்பாக்கள்: ஆங் தார்க்கே, பசாங், குசாங். மொத்தம் ஐந்தே பேர்.

சரக்குக் கப்பலில் இந்தியா வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து டின் உணவு மூட்டை மூட்டையாகக் கொண்டு வரவில்லை. கோதுமை மாவு, அரிசி, நெய் என்று ஷெர்பாக்கள் என்ன சாப்பிட்டார்களோ அதையே சாப்பிட்டார்கள். ஷெர்பாக்களோடு சேர்ந்து தாங்களும் சுமை தூக்கினார்கள். ஐந்து மாதப் பயணம். கப்பல் கட்டணத்தையும் சேர்த்து இருவருக்கும் ஆன மொத்தச் செலவு 300 பவுண்டுக்குள் முடிந்துவிட்டது. அதே காலத்தில் எவரெஸ்டுக்குப் போன ஒரு பெரிய குழுவுக்குச் சுமார் 10,000 பவுண்டு ஆனது.

சுமைக்கூலிக் கணக்கு

இது கஞ்சத்தனம் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு சுமைக்காரர் மலைப்பாதையில் சுமார் 27 கிலோ தூக்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு நாளைக்கு 900 கிராம் உணவு வேண்டும். வழியில் கிராமங்கள் இருந்தால் அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம். ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கில் கிராமமே கிடையாது. எனவே அவர் சாப்பிடுவதையும் அவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். போக வர 20 நாள் என்றால் 18 கிலோ அவருடைய சாப்பாட்டுக்கே போய்விடும். பயணத்துக்கு மிஞ்சுவது 9 கிலோதான். 30 நாள் என்றால்? 27 கிலோவும் அவரே சாப்பிட்டு முடித்திருப்பார். மிச்சம் பூஜ்யம்.

வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று நமக்குத் தெரியும். மலையில் சுமையும் அப்படித்தான் ஏறும். நீங்கள் ஒரு நாற்காலி கூடுதலாக எடுத்தால் அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் சாப்பாட்டைத் தூக்க இன்னோர் ஆள் வேண்டும். ஆட்கள் கூடினால் நடை மெதுவாகும். நடை மெதுவானால் நாட்கள் கூடும். நாட்கள் கூடினால் மறுபடி சாப்பாடு கூடும். டில்மனும் ஷிப்டனும் இந்தச் சுழலை எதிர்த்திசையில் திருப்பினார்கள். பொருளைக் குறைத்தார்கள், ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் நாள் குறைந்தது. பாறையின் ஓரத்தில் ஒவ்வொரு அடியாக வழி கண்டுபிடித்து, அந்த ஐந்து பேரும் கோட்டைக்குள் போய்விட்டார்கள்.

அதே வருடம் மழைக்காலத்தில், பத்ரிநாத்திலிருந்து பனிமலையைத் தாண்டி நேராகக் கேதார்நாத் பக்கம் இறங்கப் பார்த்தார்கள். நாம் பேருந்தில் சுற்றிக்கொண்டு போகும் ஊர்கள் அவை. வழியில் அடர்ந்த காட்டில் மாட்டி, கையிருப்பு தீர்ந்து, மூங்கில் குருத்தைத் தின்று உயிர் பிழைத்தார்கள். குறைவாக எடுத்துப் போவதில் இந்த ஆபத்தும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

மழை ஓய்ந்த பிறகு மறுபடி ரிஷிகங்கை வழியாக உள்ளே போனார்கள். இந்த முறை தெற்கு முகட்டில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்து, இந்த வழியாகச் சிகரத்தை அடைய முடியும் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார்கள். முயற்சி செய்யவில்லை. அதற்கான ஆட்களும் சாமானும் அப்போது கையில் இல்லை. பார்த்துவிட்டு வருவதே அந்த வருடத்து வேலை. இதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்

1935-ல் ஷிப்டன் தலைமையில் எவரெஸ்டுக்கு ஒரு முன்னோட்டப் பயணம். டில்மனும் போனார். ஆனால் உயரம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 1936-ல் கிளம்பிய பெரிய எவரெஸ்ட் குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1924-ல் மல்லோரி, இர்வின் இருவரையும் கடைசியாகக் கண்ணால் பார்த்தவரான நோயல் ஓடல் என்பவருக்கும் இடமில்லை. அவருக்கு வயது ஆகிவிட்டதாம்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில இளைஞர்கள் இமயமலை ஏற ஆசைப்பட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்கள் நால்வர், அமெரிக்கர்கள் நால்வர் என்று ஒரு குழு சேர்ந்தது. டில்மன், ஓடல் இருவரும் அதில் இருந்தார்கள். இலக்கு நந்தா தேவி.

இந்த முறை பருவமழைக்கு நடுவில்தான் மலையில் இருக்க முடியும். ஆகவே டில்மனும் லூமிஸ் என்ற அமெரிக்கரும் மற்றவர்களுக்கு முன்பாகவே கிளம்பி, உணவு மூட்டைகளில் ஒரு பகுதியைப் பள்ளத்தாக்கின் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, மற்றவர்களை அழைத்து வர ராணிகேத்துக்குத் திரும்பினார்கள். நாம் வைப்புநிதி போட்டு வைப்பது போலத்தான்.

ஜூலையில் முழுக் குழுவும் கிளம்பியது. நதியில் வெள்ளம். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு கிளையாற்றைக் கடக்க வேண்டிய இடத்தில், சுமைக்காரர்களில் பெரும்பகுதியினர் அதற்கு மேல் வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். பெரிய குழுவாக இருந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அனுப்பினார்கள். மூட்டைகளைப் பிரித்து, இது இல்லாவிட்டால் முடியுமா, முடியாதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி வடிகட்டினார்கள். பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மானா கிராமத்து ஆட்களும் ஷெர்பாக்களும் உடன் நின்றார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, ஒரே பாதையில் போய்ப் போய்த் திரும்பி, சுமைகளை உள்ளே சேர்த்தார்கள்.

மலையில் ஏறத் தொடங்கிய பிறகும் ஷெர்பாக்களில் பலர் நோயில் விழுந்தார்கள். மேல் முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வேலையைப் பெரும்பாலும் ஏறுபவர்களே செய்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கிதார் என்ற அனுபவமிக்க ஷெர்பா வயிற்றுக்கடுப்பால் அடிவார முகாமில் இறந்து போனார். இந்தப் பயணத்தின் பேரேட்டில் இந்த ஒரு வரியை எந்த வெற்றியாலும் ஈடுகட்ட முடியாது. சிகரம் ஏறியவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. கிதாரின் பெயரையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை குழுவுக்குத் தலைவரே கிடையாது. கடைசிக் கட்டத்துக்கு முன் அவர்களே வாக்களித்து டில்மனைத் தலைவராக்கினார்கள். தலைவரானதும் அவர் எடுத்த முக்கியமான முடிவு, சிகரத்துக்கு முதலில் போகும் இருவரைத் தேர்ந்தெடுத்தது. அதில் தன் பெயரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஓடலையும், சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க இளைஞரையும் அனுப்பினார். பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிப்பவரே அதில் முதலிடம் பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான்.

மேல் முகாமில் இருவரும் சாப்பிட்ட இறைச்சி டின் ஒன்று கெட்டுப்போயிருந்தது. ஹூஸ்டனுக்குக் கடுமையான வாந்தி. மறுநாள் ஓடல் கீழே இருந்தவர்களுக்குக் கூவித் தகவல் சொன்னார். ஆங்கிலத்தில் நோயுற்றார் என்பதற்கும் கொல்லப்பட்டார் என்பதற்கும் ஒலியில் நெருக்கம். காற்றில் கேட்டவர்கள் ஹூஸ்டன் இறந்துவிட்டதாகவே புரிந்துகொண்டார்கள். கலங்கிப் போய் மேலே விரைந்தார்கள். போய்ப் பார்த்தால் இருவரும் உயிரோடு இருந்தார்கள். ஹூஸ்டன் தன் இடத்தை விட்டுக்கொடுத்துக் கீழே இறங்கினார். அவருக்குப் பதிலாக டில்மன் அங்கே தங்கினார்.

1936 ஆகஸ்ட் 29, பிற்பகல். ஓடலும் டில்மனும் நந்தா தேவியின் உச்சியில் நின்றார்கள். கைகுலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மனிதன் அதுவரை ஏறி முடித்த சிகரங்களிலேயே உயரமானது அது. 1950-ல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை பதினான்கு வருடம் அந்தச் சாதனை நின்றது. அதே 1936-ல் பெரும் செலவில் போன எவரெஸ்ட் குழு, முன்கூட்டியே வந்த மழையால் வெறுங்கையோடு திரும்பியது. தகுதியில்லை என்று அந்தக் குழு ஒதுக்கிய இருவர்தான் இங்கே உச்சியில் நின்றார்கள்.

கணக்கின் மறுபக்கம்

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் பேரேட்டில் பற்றும் உண்டு, வரவும் உண்டு. இரண்டையும் காட்டுவதுதான் நியாயம்.

1938-ல் எவரெஸ்ட் குழுவுக்கு டில்மனே தலைவரானார். ஏழு பேர். செலவு 2,360 பவுண்டு. முந்தைய செலவில் நாலில் ஒரு பங்குதான். 8,200 மீட்டருக்கு மேல் போனார்கள். பனி அதிகமாக விழுந்ததால் திரும்பினார்கள். சாப்பாடு மிகவும் குறைவு என்று கூட வந்தவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். கடைசியில் 1953-ல் எவரெஸ்டை வென்றது ஜான் ஹண்டின் பெரிய குழு. முந்நூறுக்கும் மேற்பட்ட சுமைக்காரர்கள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், எல்லாம் துல்லியமாகத் திட்டமிட்ட பெரிய ஏற்பாடு. ஆகவே சிறிய குழுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. மலைக்குத் தகுந்த கணக்கு வேண்டும். ஆனால் பிற்காலத்தில் 1975-ல் மெஸ்னரும் ஹாபெலரும் இரண்டே பேராக 8,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரத்தை ஏறியபோது, பழைய கவர் கணக்குக்கு மறுபடி மரியாதை வந்தது.

டில்மனின் பிற்பாதி வாழ்க்கையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரிலும் போராடினார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பாராசூட்டில் எதிரிகளின் பகுதியில் குதித்து அல்பேனியா, இத்தாலி நாடுகளின் எதிர்ப்புப் படைகளோடு மலைகளில் திரிந்தார். இத்தாலியின் பெல்லுனோ நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. பிறகு உயர்ந்த மலைகளுக்குத் தன் உடம்பு இனி ஒத்துழைக்காது என்று தெரிந்துகொண்டு, ஐம்பது வயதுக்கு மேல் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். மிஸ்சீஃப் என்ற பழைய படகை வாங்கி, பட்டகோனியா, கிரீன்லாந்து என்று பனிக்கடல்களில் போய், அங்குள்ள மலைகளில் ஏறினார். அங்கேயும் அதே சிக்கனம்தான். கூட வந்த இளைஞர்கள் சிலருக்கு அது தாங்கவில்லை, மனக்கசப்பும் வந்தது. ஒரு பயணத்தில் ஒருவர் கடலில் விழுந்து மறைந்தார். இரண்டு படகுகள் மூழ்கின. தனக்குப் போதும் என்பது மற்றவருக்கும் போதும் என்று ஒரு தலைவர் நினைத்துவிட முடியுமா என்ற கேள்வி அவர் வாழ்க்கையில் கடைசி வரை இருந்தது. பதிலை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1977 நவம்பரில், 79 வயதில், ஓர் இளைஞர் தலைமையில் கிளம்பிய படகில் சாதாரண உறுப்பினராக ரியோ டி ஜெனிரோவிலிருந்து தெற்கே புறப்பட்டார். அந்தப் படகும் அதில் இருந்தவர்களும் திரும்பவில்லை. திருமணம் செய்துகொள்ளாதவர். விட்டுச் சென்றது அவர் எழுதிய புத்தகங்கள்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

டில்மனும் ஷிப்டனும் திறந்துவைத்த வழியில் பிற்காலத்தில் ஏராளமான குழுக்கள் நந்தா தேவிக்குப் போயின. விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, குப்பைகள் சேர்ந்தன. 1982-ல் அரசு அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பிறகு உள்பகுதிக்கு மலையேறிகள் போவது நிறுத்தப்பட்டது. 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. எடுத்துப்போனது குறைவாக இருந்தால் விட்டுவந்ததும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

நீங்களும் நானும் இந்த வயதில் நந்தா தேவி ஏறப்போவதில்லை. ஆனால் யாத்திரை போகிறோம், வீட்டு விசேஷம் நடத்துகிறோம், நம் சங்கத்தில் ஆண்டு விழா வைக்கிறோம். திட்டம் போட உட்கார்ந்தால் என்னென்ன வேண்டும் என்றுதான் முதலில் எழுதுகிறோம். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் போட்டுப் பாருங்கள். ஒன்றில், இது இல்லாமல் முடியுமா என்று எழுதுங்கள். இன்னொன்றில், இதைத் தூக்கப் போவது யார் என்று எழுதுங்கள். கேதார்நாத் ஏற்றத்தில் நம் பெட்டியை முதுகில் சுமக்கிறவரும், நம் விழா முடிந்த மறுநாள் காலையில் குப்பையை அள்ளுகிறவரும் அந்த இரண்டாவது பத்தியில் வருவார்கள். அவர்களுடைய சாப்பாட்டையும் ஓய்வையும் கூலியையும் கணக்கில் சேர்த்த பிறகும் நம் திட்டம் ஒரு கவரின் பின்புறத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் நல்ல திட்டம்.

அடுத்த காலாண்டு இதழில் வேறொருவருடைய வாழ்க்கையோடு சந்திப்போம். இமயமலைப் பக்கம் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் நம் இதழுக்கு அழகு.